பிசிறு வெட்டும் மகளைப் பற்றி ஒரு வரி

திருப்பூர்
14 ஜூலை 2003

அன்புள்ள மெஹ்ஜபின்,

எழுதி அனுப்பிவிட்ட ஒரு வாக்கியத்தை எப்படித் திரும்ப வாங்குவது? வெள்ளிக்கிழமையிலிருந்து யோசிக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. கம்பெனிக்காரர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பது உன் தொழில் என்பதால் உன்னைக் கேட்கிறேன். உன் மேல் கோபம் இல்லாமல் கேட்பதாக நினைத்துக்கொள்ளாதே.

போனில் பேசியிருக்கலாம். ஆபீசில் பேசினால் ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணுக்கும் சேர்த்துப் பேச வேண்டும். வீட்டிலிருந்து பேசினால் என் குரல் நடுங்குவது உனக்குக் கேட்கும்.

போன மாதம் உன் தம்பி யாசின் மகள் நிக்காஹ்வுக்கு வந்திருந்தாய். டென்மார்க் கம்பெனிக்குப் போகவேண்டிய குழந்தைகள் பனியன் அப்போதுதான் தாமதமாகியிருந்தது. சாயப்பட்டறையில் நிறம் பிசகி, துணி மொத்தமும் மறுபடி சாயத்துக்குப் போய்த் திரும்பியது. நான் வழக்கம்போல் ‘தவிர்க்க இயலாத காரணங்களால்’ என்று தொடங்கி ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தேன். நீ பிரியாணித் தட்டை மடியில் வைத்துக்கொண்டே அதை வாங்கிப் படித்துச் சிரித்தாய். “இதைப் படிக்கிறவ கண்ணுல என்னடி தெரியும்? ஒரு ஆளைக் காட்டு. அந்த ஆளுக்கு ஒரு சங்கடம் குடு. கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒரே ஒரு பொருளை வை. அவ்வளவுதான் கதை. கம்பெனிக் கடுதாசியும் கதைதான்” என்றாய்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. இருந்தும் எழுதிப் பார்த்தேன். எங்கள் செக்கிங் டேபிளில் தைத்த சட்டைகளைச் சரிபார்க்கும் மூக்கம்மாளை எழுதினேன். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். புருஷன் இல்லை, ஒரு மகள். துணி திரும்பி வந்த வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் பார்த்தாள் என்று எழுதினேன். நம் ஊரில் அது ஒருவரைப் புகழ்வது. பிறகு, கண்ணுக்குத் தெரியும் பொருள் வேண்டுமே என்று இதைச் சேர்த்தேன். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன்: “மாலையில் அவள் மகள் பள்ளி விட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறைச் சின்னக் கத்தரியால் வெட்டிக் கொடுப்பாள். உங்கள் குழந்தைகளின் கழுத்தில் எதுவும் உறுத்தக் கூடாது அல்லவா?”

மகள் பள்ளி விட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். பிசிறு வெட்டிப் பார்த்ததில்லை. அது நானாக எழுதியது.

எங்கள் சரக்கை வாங்கும் இங்கர் என்ற பெண் உடனே பதில் போட்டாள். தாமதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கண் கலங்கிவிட்டதாம். முதலாளி ஈஸ்வரமூர்த்தி என் அறைக்கே வந்தார். “ஏனுங்க மேடம், இத்தனை நாளா இந்த வித்தையை எங்கீங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?” என்றார். அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதனால்தான் உனக்கு நகல் அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை இன்னொரு ஃபேக்ஸ் வந்தது. இங்கர் என் கடிதத்தைத் தன் ஆபீஸ் கூட்டத்தில் வாசித்திருக்கிறாள். கேட்ட யாரோ இரண்டு இடத்தில் அடிக்கோடு போட்டிருக்கிறார். ஒன்றரை ஷிப்ட். மகள். அவளுக்கு வயது என்ன, இப்படி இன்னும் எத்தனை குழந்தைகள், நேரில் பார்க்க ஆள் அனுப்புகிறோம், அதுவரை அடுத்த ஆர்டர் நிறுத்தப்படுகிறது.

அந்த ஆர்டர் போனால் தையலில் பாதி மெஷின் நின்றுவிடும். ஆனால் முதலில் நிற்கப்போவது யார் என்று ஃபேக்ஸைக் கையில் பிடித்தபோதே எனக்குத் தெரிந்தது. மூக்கம்மாளுக்கு இது எதுவும் தெரியாது. என் அறைக் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகளைச் சேர்க்கச் சொன்னது நீ என்றுதான் என் ஞாபகம். இல்லையென்றால் சொல்.

அனுசுயா


சென்னை
17 ஜூலை 2003

அனு,

இல்லை. கேட்டாய், சொல்கிறேன். ‘கண்ணுக்குத் தெரியற பொருள்’ என்றேன். செருப்பு, டிபன் பாக்ஸ், உடைந்த மூக்குக் கண்ணாடி, எது வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். ஒரு பெண்பிள்ளையை உட்கார வைத்து அதன் கையில் கத்தரியைக் கொடு என்று நான் சொல்லவில்லை. கண்ணில் பட்டதை எழுது என்றால் படாததை எழுதியிருக்கிறாய். அதுவும் நீ! ஹாஸ்டலில் என் கவிதையில் நிலா வந்தால் காலண்டரைப் பார்த்து “அன்னைக்கு அமாவாசை” என்று அடித்தவள்.

சிரிப்பது போல எழுதுகிறேனே தவிர, இதில் எனக்கும் பங்கு இருக்கிறது. நீ அனுப்பிய நகலை நான் என் வகுப்பில் கொடுத்துவிட்டேன். கம்பெனிப் பெயரை அழித்தேன். திருப்பூரை அழிக்கவில்லை. எல்லோரும் பெரிய கம்பெனிகளில் இருப்பவர்கள். பிசிறு வரி வந்ததும் அறையே அமைதியானது. “இதுதான் மேடம் டச்” என்றார் ஒருவர். ஒரே ஒருவர்கூட, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை எதற்கு அங்கே உட்கார வேண்டும் என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அவ்வளவு படித்தவர்கள் ஒரு அறை நிறைய இருந்தோம்.

நீ இங்கருக்கு உடனே எழுது. கதை வேண்டாம், மூன்று வரி போதும். அந்த இடம் என் கற்பனை, தவறு என்னுடையது, மன்னிக்கவும். முதலாளியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்காதே.

மூக்கம்மாளிடம் சொல்லிவிட்டாயா? அதை ஏன் நீ எழுதவே இல்லை?

மெஹ்ஜபின்


திருப்பூர்
21 ஜூலை 2003

மெஹ்ஜபின்,

நீ சொன்னபடி எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. “நீங்கள் ஏன் இப்படி எழுத நேர்ந்தது என்பது எங்களுக்குப் புரிகிறது. உங்களுக்குத் தொல்லை எதுவும் வராமல் பார்த்துக்கொள்வோம்.”

முதலாளி மிரட்டி எழுத வைத்திருக்கிறார் என்று நினைக்கிறார்கள். நான் இட்டுக்கட்டியதை நம்பியவர்கள், அதை இட்டுக்கட்டியது என்றால் என்மேல் பரிதாபப்படுகிறார்கள். இனி நான் எதை எழுதினாலும் அவர்கள் அந்தப் பிள்ளையைத்தான் பார்ப்பார்கள்.

ஈஸ்வரமூர்த்தி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் பரவாயில்லை.

“ஏனுங்க மேடம், சரக்கு லேட்டுன்னு எழுதச் சொன்னா, ஒரு புள்ளையக் கொண்டாந்து நடுவால உக்கார வெச்சுப்போட்டீங்களே?”

“தப்புதாங்க.”

“தப்பு கெடக்குதுங்க. வர்றவங்களுக்கு ஒரு மூக்கம்மாள் வேணும், அவ்வளவுதானுங்க? நம்ம அயர்னிங் சாமியாத்தாளை அந்த டேபிள்ல நிறுத்திப்போடலாம். அவளுக்குக் கொழந்தையே இல்லீங்க. மக இல்லைன்னு சொன்னா அது பொய்யுங்களா? இல்லீங்களே!”

அவர் கெட்டவர் இல்லை. பவர் டேபிள் மெஷினில் தைத்து மேலே வந்தவர். சம்பளம் பாக்கி வைக்காதவர். இதைச் சொல்லி முடித்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

மூக்கம்மாளை இன்று முதல் கூப்பிடும்வரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நேராக என் அறைக்கு வந்தாள்.

“யக்கா, நான் என்ன தப்பு பண்ணேன்? டேமேஜ் பீஸ் எதையும் விட்டுட்டேனா?”

“அதெல்லாம் இல்லை. ஆடிட் வருது.”

“ஆடிட்டுக்கும் எனக்கும் என்னக்கா இருக்கு?”

நான் மேஜையில் கிடந்த பேப்பர்களை அடுக்கினேன். அவள் சாப்பாட்டுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நீ கேட்டதற்கு இதுதான் பதில். சொல்லவில்லை. செக்கிங் டேபிள் பக்கம் போகாமல் ஸ்டோர் வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறேன்.

தயவுசெய்து இந்த முறை சிரிக்காமல் எழுது.

அனுசுயா


சென்னை
24 ஜூலை 2003

அனு,

சிரிக்கவில்லை.

முதலில் சாமியாத்தாள். அது வேண்டாம். யாசின் வேஸ்ட் துணி எடுத்துக்கொண்டிருந்த ஒரு கம்பெனியில் இதையே செய்தார்களாம். ஒருத்திக்குப் பதில் இன்னொருத்தி. வந்த ஆள் கேள்வியே கேட்கவில்லை. பின்னால் போய் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். அவள் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார். பக்கத்து டேபிள்காரி முழங்கையால் இடித்து, “ஏய், உன்னையத்தான்டி கூப்பிடறாங்க” என்றாளாம். அந்தக் கட்டடம் இப்போது கல்யாண மண்டபமாக இருக்கிறது. இதை உன் முதலாளியிடம் நீ சொன்னால், படித்த பொம்பளை பயப்படுகிறாள் என்பார். யாசினைப் போகச் சொல்லியிருக்கிறேன். ஒரு வியாபாரி பயந்தால் இன்னொரு வியாபாரிக்குப் புரியும்.

அடுத்து மூக்கம்மாள். அவளிடம் அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. தமிழில், முழுசாக. அவளைக் கேட்காமல் அவளை ஒரு கதையில் வைத்தாய். உன்னைச் சொல்ல எனக்கு வாய் இல்லை. எங்கள் அபார்ட்மெண்ட் லிஃப்ட்காரர், என் மாமியார், காய்கறிக்காரி, எல்லோரும் என் வகுப்பில் உதாரணமாக வந்து போனவர்கள்தான். ‘ஒரு ஆளைக் காட்டு’ என்று வருஷக்கணக்காகச் சொல்கிறேன். காட்டின பிறகு அந்த ஆளுக்கு என்ன ஆகும் என்று பாடத்தில் ஒரு வரி கிடையாது.

நகல் வாங்கிப் போனவர்களுக்கெல்லாம் போன் செய்து திருப்பிக் கேட்டேன். சிலர் கொடுத்தார்கள். ஒருவர், “எங்க ஆண்டறிக்கையில இதே மாதிரி ஒரு பொண்ணைப் போட்டுட்டோம் மேடம்” என்று சந்தோஷமாகச் சொன்னார். அந்தப் பெண் இருக்கிறாளா என்று கேட்கப் பயந்து வைத்துவிட்டேன்.

ஆள் வருகிற நாள் தெரிந்ததும் எழுது. உனக்காகவும் அவளுக்காகவும் துஆ கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ நம்பமாட்டாய், பரவாயில்லை.

மெஹ்ஜபின்


திருப்பூர்
28 ஜூலை 2003

அன்புள்ள மெஹ்ஜபின்,

நாளை வருகிறார்கள்.

யாசின் வந்து போனார். என்ன பேசினாரோ, சாமியாத்தாளை மறுபடி அயர்னிங்குக்கே அனுப்பிவிட்டு, மூக்கம்மாளைக் கூப்பிடச் சொன்னார் முதலாளி. கூப்பிட நானே போகிறேன் என்றேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன்.

வரிசையாக ஒற்றை அறை வீடுகள், பொதுவாக ஒரு குழாய். பக்கத்து வாசலில் ஆண்கள் நாலைந்து பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். நான் தாண்டும்போது பேச்சை நிறுத்தினார்கள். தாண்டிய பிறகு சிரித்தார்கள். எனக்கு வயது நாற்பத்தெட்டு. அப்படியும் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

மகள் அபிராமியைத் தண்ணீர் பிடிக்க அனுப்பிவிட்டு மூக்கம்மாள் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். படித்தேன். தன் பெயர் வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒன்றரை ஷிப்டுக்குத் தலையை ஆட்டினாள். பிசிறு வந்ததும் சிரிப்பு நின்றது.

“யக்கா, இத யாரு உங்ககிட்டச் சொன்னா?”

“யாரும் சொல்லலை. நானா எழுதினது.”

“பாக்காமலா எழுதுனீங்க?”

“ஆமா. அதுதான் என் தப்பு.”

அவள் கதவைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அபிராமி வெட்டத்தாங்கா செய்யுதா. பள்ளிக்கூடம் திறந்ததுல இருந்தே. நீங்க அங்கிட்டு வாரது தெரிஞ்சா கத்தரியை எம் மடியில போட்டுருவா.”

நான் கற்பனை என்று நினைத்தது நடந்துகொண்டிருக்கிறது. அது கற்பனை என்று டென்மார்க்குக்கு எழுதிக் கொடுத்தேனே, அதுதான் பொய். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தினமும் அந்த டேபிளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எப்போதோ ஒரு நாள் கண்ணில் பட்டு, பட்டதைக் கவனிக்காமல் விட்டேனா? அதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

“இங்க ஒத்தையில எப்படிக்கா விட்டுட்டு வர? வாசல்ல பாத்தீங்கல்ல?” என்றாள். “அங்க வந்தா நாலு பொம்பளைக கண்ணு முன்னால இருப்பா. வந்த பிள்ளை கையைக் கட்டிக்கிட்டா உக்காந்திருக்கும்?”

இன்று மாலை முதலாளி என்னைக் கூப்பிட்டார். வருகிற பெண் டெல்லி ஆபீசிலிருந்து வருகிறாள், தமிழ் தெரியாது, மொழிபெயர்க்க ஆள் கூட்டிவரவில்லை. கடிதம் எழுதியவரே மொழிபெயர்க்கட்டும் என்று கேட்டிருக்கிறாள்.

“அந்தப் பொம்பள என்ன வேணாச் சொல்லட்டுங்க மேடம். இங்கிலீசு உங்க வாயில இருந்துதானுங்களே போகோணும்?” என்றார். பிறகு, “நல்லபடியாப் போச்சுன்னா அவ டேபிள் அவளுக்குத்தானுங்க. போகலைன்னா, நான் யாரை மொதல்ல அனுப்போணும்னு நீங்களே சொல்லுங்க” என்றார்.

ஒரு வாக்கியத்தை மாற்றினால் போதும். ‘என் மகள் அங்கே வீட்டுப்பாடம் எழுதுவாள்.’ யாருக்கும் தெரியாது. மூக்கம்மாளுக்கே தெரியாது. அவள் வேலை நிலைக்கும், ஆர்டர் வரும். அந்த ஆங்கில வாக்கியம் இப்போதே என் வாயில் தயாராக இருக்கிறது.


29 ஜூலை, இரவு

நேற்று போவதற்குள் கூரியர்க் கடையை மூடிவிட்டார்கள். அதனால் இதே தாளில் தொடர்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வந்தவளுக்கு முப்பது வயதிருக்கும். டீ வேண்டாம் என்றாள். இளநீரும் வேண்டாம் என்றாள். “நீங்கள்தான் எழுதினீர்களா? அழகாக இருந்தது” என்றாள். யாரோ முதுகில் ஈரக்கையை வைத்தது போல இருந்தது. முதலாளியை வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். அறையில் அவள், மூக்கம்மாள், நான்.

“உங்கள் மகள் இங்கே வேலை செய்கிறாளா?”

தமிழில் கேட்டேன். மூக்கம்மாள் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

“யக்கா, நான் இப்ப என்ன சொல்லணும்? நீங்களே சொல்லிருங்க.”

“என்ன சொன்னார்?” என்றாள் வந்தவள்.

நான் தயார் செய்து வைத்திருந்த வாக்கியத்தைத் தேடினேன். மூக்கம்மாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், டாக்டர் சீட்டைப் படிக்கும்போது பார்ப்பது போல.

“‘நான் என்ன சொல்ல வேண்டும், நீங்களே சொல்லுங்கள்’ என்று என்னிடம் கேட்கிறாள்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

வந்தவள் பேனாவை மேஜையில் வைத்தாள். நான் மூக்கம்மாளிடம், “நடந்ததைச் சொல்லு” என்றேன். அதையும் மொழிபெயர்த்தேன்.

மூக்கம்மாள் சொன்னாள். குழாயடி, சீட்டாட்டம், அறைக்குத் தாழ்ப்பாள் சரியில்லாதது, பள்ளி விட்டதும் நேரே இங்கே வரச் சொல்லியிருப்பது. “பிசிறு வெட்டுவா. நான்தான் வெட்டச் சொன்னேன். முதலாளிக்குத் தெரியாது” என்றாள். ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னேன். எதையும் கூட்டவில்லை, அழகாக்கவில்லை. பிசிறு என்ற இடத்தில் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு அதையும் சொன்னேன். கடைசியில் என் பங்குக்கு, “கற்பனை என்று நான் எழுதியது தவறு. அப்போது அப்படித்தான் நினைத்தேன்” என்றேன்.

வந்தவள் நிறைய எழுதிக்கொண்டாள். பிறகு முதலாளியுடன் தனியாகப் பேசினாள். மூக்கம்மாளை வேலையை விட்டு எடுக்கக் கூடாது. ஒன்றரை ஷிப்ட் நிறுத்த வேண்டும். குழந்தைகள் யாரும் கேட்டைத் தாண்டக் கூடாது. சொல்லாமல் ஒரு நாள் மறுபடி வருவார்கள். இதற்கு ஒப்புக்கொண்டால் ஆர்டர் தொடரும். முதலாளி கையெழுத்துப் போட்டார். அவளைக் காரில் ஏற்றிவிட்டு வந்து என் அறை வாசலில் நின்றார்.

“கதை எழுதறதுக்கு வந்த தைரியம் ஒரு பொய் சொல்றதுக்கு வரலீங்களே மேடம்” என்றார். கோபமாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

மாலையில் அபிராமி பையோடு வந்தாள். வாட்ச்மேன் கிட்டுசாமி தடுத்தார். “உள்ள உடக் கூடாதுன்னு உத்தரவு கண்ணு. அம்மா வர்ற வரைக்கும் இப்படி ஓரமா உக்காந்துக்க சாமி.” உள்ளே இன்று அனுப்பவேண்டிய சரக்கு இருந்தது. மூக்கம்மாள் வருவதற்கு நேரமாகும். கேட்டுக்கு எதிரே பிராந்திக் கடை. இத்தனை வருடம் அது அங்கே இருப்பது எனக்குத் தெரியும், இன்றுதான் பார்த்தேன். ஒருவன் கடையிலிருந்து வெளியே வந்து, நின்று, அவளைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனான்.

நான் போய்ப் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்தேன். அவள் கணக்கு நோட்டை மூடினாள்.

“எங்களைப் பத்தி லெட்டர் எழுதுனது நீங்கதான்னு அம்மா சொல்லுச்சு.”

“ஆமா.”

“அதுல எம் பேரு இருக்கா?”

“இல்லை. ‘அவள் மகள்’னு மட்டும் எழுதினேன்.”

கொஞ்சம் யோசித்தாள். “அப்ப அது நான்தான்னு அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

அவள் நோட்டைத் திறந்து கணக்கைத் தொடர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் எழுத்து தெரியாத அளவுக்கு இருட்டிவிட்டது. எதிர்க்கடையில் விளக்குப் போட்டார்கள். முன்பு அவளைப் பார்த்தவன் மறுபடி வெளியே வந்தான், இந்த முறை இன்னொருவனோடு. அபிராமி என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். மூக்கம்மாள் வரும்வரை இரண்டு பேரும் அங்கேயே இருந்தோம்.

அனுசுயா